முதலில் மன்னிப்பு, பிறகு ஈடு: கிறிஸ்தவ வாழ்வில் புதிதாகத் தொடங்குவது எப்படி?

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பு சூடுபிடிக்கும் நாட்களும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. ஏற்காட்டிலும் கீழே சேலத்திலும் கத்தோலிக்கக் கோயில்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற, ஆட்கள் கூடும் சமயம் அது. வரிசையில் நிற்பவர்களுக்கும், தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கும் பெரும்பாலும் ஒரே கேள்விதான். கடவுள் என்னை மன்னிக்க நான் என்ன கொடுக்க வேண்டும்? எத்தனை நாள் நல்லவனாக இருந்து காட்டினால் பழைய கணக்கு நேராகும்?

கிறிஸ்தவம் இதற்குச் சொல்லும் பதில் பலருக்கு நம்பவே கடினமாக இருக்கும். எதுவும் கொடுக்க வேண்டாம். மன்னிப்பு முதலில் வருகிறது. நாம் செய்த கேட்டைச் சரிசெய்வது அதற்குப் பின்னால் வருகிறது. இந்த முன்பின் மாறிப்போனால் எல்லாம் கெட்டுவிடும். சிலர் மன்னிப்பைச் சம்பாதிக்கப் பார்த்து, வாழ்நாள் முழுக்க நேர்ச்சையும் விரதமுமாக ஓடிக் களைத்துப்போகிறார்கள். வேறு சிலர் மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு, ஏமாந்தவனிடம் திரும்பிப் போகாமலே நழுவிவிடுகிறார்கள். முதல் வகையினர் கடவுளைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, இரண்டாம் வகையினர் பக்கத்து வீட்டுக்காரனை மறந்துவிட்டார்கள்.

வேதத்தில் இந்த வரிசை

எரிகோ ஊரில் சகேயு என்றொரு வரிவசூல் தலைவன் (லூக்கா 19:1-10). ரோம அரசுக்கு வரி வசூலிக்கிறேன் என்று சொந்த மக்களிடமே கூடுதலாகப் பிடுங்கிப் பணக்காரன் ஆனவன். குள்ளமான ஆள் என்பதால் கூட்டத்துக்கு மேலே பார்க்க மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்கிறார். திருடியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனையும் போடவில்லை. ஊரார் முணுமுணுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். மோசே சட்டப்படி, வஞ்சித்ததைத் தானே ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் (எண்ணாகமம் 5:7). அதாவது 100 ரூபாய்க்கு 120. சகேயு 400 என்கிறான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்குக் கை தானாகத் திறக்கிறது.

கெட்ட குமாரன் கதையை (லூக்கா 15) எல்லாரும் கேட்டிருப்பார்கள். அதில் கவனிக்காமல் விடப்படும் ஒரு நுட்பம் உண்டு. சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கும் மகன், அப்பாவிடம் சொல்ல மூன்று வாக்கியம் தயார்செய்கிறான். பாவம் செய்தேன், இனி உம்முடைய மகன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தபின் அவன் வாயிலிருந்து வருவது முதல் இரண்டு மட்டும். 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவதைச் சொல்வதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு உடுப்பும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கூலிக்கு வேலை செய்து கடனைக் கழிக்கும் திட்டம் அங்கேயே தள்ளுபடியாகிறது. வெளியே நின்று கோபிக்கும் மூத்த மகனும் கூலிக் கணக்குதான் பேசுகிறான், இத்தனை வருஷம் உழைத்தேனே என்று. அந்த வீட்டில் கூலிக் கணக்கு இல்லை என்பது இருவருக்குமே புரியவில்லை.

அப்படியானால் குற்றத்துக்கு விலையே இல்லையா? உண்டு. யாரையாவது உண்மையாக மன்னித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: மன்னிக்கிறவர்தான் நஷ்டத்தைத் தாங்குகிறார். திரும்பி வராத பணத்தை, போன பெயரை, பட்ட வலியை அவர் தன் மேல் ஏற்றுக்கொள்கிறார். மனிதர் செய்த பாவத்தின் நஷ்டத்தைக் கடவுளே இயேசுவின் சிலுவையில் தாங்கினார் என்பதுதான் கிறிஸ்தவத்தின் நடுமையம். பெரிய வெள்ளி அன்று தியானிக்கப்படுவது இதைத்தான். விலை கொடுக்கப்பட்டுவிட்டதால்தான் மன்னிப்பு நமக்கு இலவசம்.

எது பாவம், எது பாவமில்லை

தொடங்கும்போதே இதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சாவான பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்வதற்கு மூன்று நிபந்தனைகள் சேர்ந்திருக்க வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது தவறு என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் மனமுவந்து செய்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. சீர்திருத்தத் திருச்சபைகள் (தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. போன்றவை) பெரிய பாவம், சின்னப் பாவம் என்று இப்படி வகுப்பதில்லை. ஆனால் தெரிந்து செய்வதற்கும் தெரியாமல் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அவையும் ஏற்கின்றன.

மனதில் ஒரு கெட்ட நினைப்பு வந்து போவது பாவமில்லை. சோதனை வேறு, அதற்கு இடம் கொடுப்பது வேறு. விபத்து பாவமில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனது, கரு கலைந்தது, தொழில் நொடித்தது, இவை எதுவும் நீங்கள் பாவி என்பதற்குச் சாட்சி இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு நேரடியாக மறுத்தார் (யோவான் 9:3). உங்கள் கஷ்டத்துக்கு உங்கள் பாவமே காரணம் என்று சொல்லி, அதைத் தீர்க்கக் காணிக்கை கேட்கும் ஆள் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். மன்னிப்புக்கு எந்தத் திருச்சபையிலும் கட்டணம் கிடையாது, கேட்கவும் கூடாது.

முதல் படி: தன்னை ஆராய்வது

ஆன்ம சோதனை என்று கத்தோலிக்கர் சொல்வது, மற்றவர்கள் தற்பரிசோதனை என்பது, இரண்டும் ஒன்றுதான். தனியாக உட்கார 20 நிமிடம் போதும். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். அதைவிட எளிதான வழி, ஆட்களை நினைத்துப் பார்ப்பது. வீட்டில் யார் யார், வேலையிடத்தில் யார் யார், கொடுக்கல் வாங்கலில் யார் யார் என்று ஒவ்வொரு முகமாகக் கொண்டுவந்தால், மனம் எங்கே நெளிகிறது என்று தானாகத் தெரியும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்கள்: "நான் நேர்மையாக இல்லை", "கோபம் வருகிறது", "எல்லாப் பாவமும் செய்திருக்கிறேன்". இப்படிச் சொன்னால் மனது எதையும் விட்டுக்கொடுக்காது. எஸ்டேட்டில் பழம் எடைபோட்டுக் கணக்கு எழுதுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். "வேலையில் சில தப்புகள்" என்பது அறிக்கை ஆகாது. "இந்தப் பறிப்புக் காலம் முழுக்க, படிக்கத் தெரியாத பெண்களின் கணக்கில் ஆளுக்குத் தினமும் அரை கிலோ குறைத்து எழுதினேன்" என்பது அறிக்கை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர், "ஆசைப்பட்டேன்" என்பதற்குப் பதிலாக, "சேதாரம் என்று கணக்குக் காட்டி வெள்ளியை எடுத்துக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். வினைச்சொல்லோடு சொல்லுங்கள். என்ன செய்தேன், யாருக்கு, எத்தனை தடவை. வெட்கம் வருவது அந்த நொடியில்தான், விடுதலை வருவதும் அங்கேதான்.

இதற்கு எதிர்ப்பக்கச் சறுக்கலும் உண்டு. மற்றவர் பாவத்தை அறிக்கை செய்வது. "என் மாமியார் இப்படிப் பேசியதால்தான் நானும் பேசினேன்" என்று தொடங்கினால், பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் மாமியார் கதையாகவே ஓடிவிடும். மாமியார் செய்ததை வேறொரு நாள் அவரே வந்து சொல்லிக்கொள்வார். உங்கள் பங்கு மட்டும் சொன்னால் போதும்.

பைபிளில் இதற்கு நல்ல மாதிரி தாவீது. மற்றொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போரில் சாகவும் வைத்த ராஜா, நாத்தான் தீர்க்கதரிசி வந்து நேருக்கு நேராகச் சொன்னதும், கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டான் (2 சாமுவேல் 12). சாக்குப்போக்கு ஒன்றும் இல்லை. 51-ஆம் சங்கீதம் அவன் அப்போது பாடியது என்பது மரபு. ஜெபிக்க வார்த்தை வராதவர்கள் அந்தச் சங்கீதத்தை மெதுவாக வாசித்தாலே போதும்.

பாவசங்கீர்த்தனம்: உள்ளே என்ன நடக்கும்?

சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் 1930-இல் உருவானது. நாலு ரோட்டுக் குழந்தை இயேசு பேராலயம் அதன் தலைமைக் கோயில். அங்கும் சரி, மலையிலும் கிராமங்களிலும் உள்ள பங்குகளிலும் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயில்களிலும்) சரி, ஒப்புரவு அருளடையாளம் என்றும் சொல்லப்படும் பாவசங்கீர்த்தனம் நடக்கும் முறை ஒன்றே. நேரம் பங்குக்குப் பங்கு மாறும், பெரும்பாலும் பூசைக்கு முன்னால். பங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஃபாதரிடமே நேரம் கேட்கலாம். சொந்தப் பங்கு சாமியாரிடம்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிந்தவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு ஊர்க் கோயிலுக்குப் போகலாம், அதில் தவறே இல்லை. தடுப்புக்குப் பின்னாலிருந்தும் சொல்லலாம், எதிரே உட்கார்ந்தும் சொல்லலாம்.

முழங்காலிட்டு அல்லது உட்கார்ந்து சிலுவை அடையாளம் போடுங்கள். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று சொல்லுங்கள். 20 வருஷம் ஆகியிருந்தால் 20 வருஷம் என்றே சொல்லுங்கள், குருக்கள் இதைக் கேட்டு அதிர்ச்சியடைவதில்லை. "முறை மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்" என்றால் அவரே கேள்வி கேட்டு நடத்திக்கொண்டு போவார். கனமான பாவங்களை அவற்றின் வகையோடும், நினைவிருக்கும் வரை எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும். கதை வேண்டாம், அடுத்தவர் பெயர் வேண்டாம். முடிவில், "இவற்றுக்கும், மறந்துபோன பாவங்களுக்கும் மனம் வருந்துகிறேன்" என்று சொல்லலாம். குரு இரண்டொரு வார்த்தை ஆலோசனை சொல்லி, ஒரு பரிகாரம் கொடுப்பார். அது ஒரு ஜெபமாக இருக்கலாம், ஒரு சங்கீதமாக இருக்கலாம், ஒருவரிடம் போய்ப் பேசுவதாகவும் இருக்கலாம். நீங்கள் மனத்துயர் ஜெபம் சொல்ல, அவர் கையை நீட்டிப் பாவமன்னிப்பு வார்த்தைகளைச் சொல்வார். நீங்கள் ஆமென் என்கிறீர்கள். மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

வரிசையை மறுபடி கவனியுங்கள். மன்னிப்பு அங்கேயே, அப்போதே கொடுக்கப்படுகிறது. பரிகாரம் வெளியே வந்தபின் செய்வது. கொடுத்த ஜெபத்தை மறந்துவிட்டால் மன்னிப்பு ரத்தாகிவிடாது. நினைவு வந்ததும் செய்யுங்கள்.

மன்னிப்பு செல்லாமல் போவது எப்போது? கனமான ஒரு பாவத்தை வேண்டுமென்றே மறைக்கும்போது. மறதி வேறு, மறைப்பு வேறு. மறந்தது மன்னிப்பில் அடங்கும், அடுத்த தடவை சொன்னால் போதும். மறைத்தால் மற்றவையும் அந்த அறிக்கையில் மன்னிக்கப்படாது என்பது திருச்சபைப் போதனை. இனிமேல் செய்யப் போவதில்லை என்ற தீர்மானம் துளியும் இல்லாமல் வருவதும் அப்படித்தான். தீர்மானம் என்றால் இனி ஒருபோதும் விழமாட்டேன் என்ற உத்தரவாதம் இல்லை. இப்போது விட நினைக்கிறேன், விழவைக்கும் இடத்தை ஒதுக்கப் பார்க்கிறேன் என்ற உண்மையான எண்ணம் போதும்.

சொன்னது வெளியே போகுமா என்ற பயம் சின்ன ஊர்களில் ரொம்பவே உண்டு. பாவசங்கீர்த்தன இரகசியம் மீற முடியாதது. அதை நேரடியாக உடைக்கும் குரு, அந்தச் செயலாலேயே திருச்சபை விலக்கத்துக்கு ஆளாகிறார். உங்களிடமே கூட, நீங்கள் பேச்செடுக்காமல், அவர் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

கனமான பாவம் உள்ள கத்தோலிக்கர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது 1215-இல் நடந்த நான்காம் லாத்தரன் திருச்சபைப் பொதுச் சங்கம் முதல் சட்டம். ஆண்டுக்கொரு தடவை என்பது குறைந்தபட்சம். மாதம் ஒரு தடவை போகிறவர்களுக்கு அது பழகிவிடும், பயமும் தெளியும்.

சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில்

சேலத்தின் சி.எஸ்.ஐ. ஆலயங்கள் கோயம்புத்தூர் திருமண்டலத்தைச் சேர்ந்தவை. அங்கே குருவிடம் தனித்தனியாகச் சொல்வது கட்டாயமில்லை. ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை ஜெபம் சொல்வார்கள், ஆயர் (சபைப் போதகர்) பாவமன்னிப்பை அறிவிப்பார், அதன் பிறகே திருவிருந்துக்குப் போவார்கள். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே மத்தியஸ்தர் இயேசு ஒருவரே (1 தீமோத்தேயு 2:5) என்பது இதற்கு அவர்கள் காட்டும் காரணம். உயிர்த்த இயேசு சீடர்களிடம், யாருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்றார் (யோவான் 20:23) என்பது கத்தோலிக்கர் காட்டும் ஆதாரம். தொடங்குகிறவர் இந்த விவாதத்தில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். இரு பக்கமும் மன்னிப்பவர் கடவுள் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

பொது அறிக்கையில் ஒரு ஆபத்து, வாய் பழகிப்போவது. உதடு வார்த்தையைச் சொல்லும், மனம் கடைக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஆராதனைக்கு முந்தைய இரவே, எந்தக் காரியத்தை நினைத்து நாளைக்கு அந்த ஜெபத்தைச் சொல்லப் போகிறோம் என்று தீர்மானித்துக்கொள்வது உதவும். மனது மிகவும் பாரமாக இருந்தால் ஆயரிடம் தனியாக நேரம் கேட்கலாம். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்வது எல்லாச் சபைக்கும் பொது.

பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் ஒருவர் தன் வாழ்க்கையை இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கும் தனிப்பட்ட ஜெபத்துக்கு முக்கியத்துவம் அதிகம். அதற்கென்று மந்திரம் போல் ஒரு வாசகம் இல்லை. தான் செய்ததை ஒப்புக்கொள்வது, இயேசு அதற்காக மரித்தார் என்று நம்புவது, இனி அவர் வழியில் நடக்க உதவி கேட்பது, இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். பிறகு முழுக்கு ஞானஸ்நானம். சாட்சி சொல்லும் நேரத்தில், அதாவது தான் மாறிய கதையைச் சபை முன்னால் சொல்லும்போது மட்டும், ஒரு எச்சரிக்கை வேண்டும். உங்கள் பழைய பாவத்தில் மனைவியோ, கணவரோ, வேறு பெண்ணோ சம்பந்தப்பட்டிருந்தால் அதை மேடையில் விவரிக்காதீர்கள். உங்கள் சாட்சி அவர்களுக்கு ஊர்ப்பேச்சாக மாறிவிடும். பாஸ்டரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

இந்த எந்தச் சபையையும் சேராதவரும், இன்றிரவே வீட்டில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்கலாம். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" கடவுள் மன்னிக்க உண்மையுள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்லும்போது, ஆளுக்கு அடையாள அட்டை கேட்கவில்லை.

ஈடுகட்டுவது

மன்னிப்புப் பெற்றவரின் முதல் வேலை இது. எடைக்கணக்கு எழுதியவரிடமே திரும்புவோம். 12 பெண்கள், ஆளுக்கு அரை கிலோ, 50 நாள். 300 கிலோ. கிலோவுக்குப் பறிகூலி 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,400 ரூபாய், ஆளுக்கு 200. தொகை சின்னதாகத் தெரியும், ஆனால் அது அவர்கள் குனிந்து நிமிர்ந்து சம்பாதித்தது. எண்ணாகமம் சொல்லும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் ஆளுக்கு 240. வேலை விட்டுப் போனவர் இருந்தால் தேடிக் கொடுக்க வேண்டும். இறந்திருந்தால் வாரிசிடம். எங்கேயும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏழைகளுக்கு. கோயில் உண்டியலில் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அந்தப் பணத்துக்கு ஆள் இருக்கிறார்.

மொத்தமாகக் கொடுக்க வசதியில்லையா, தவணை பேசிக்கொள்ளுங்கள். ஆனால் தேதி குறித்துப் பேசுங்கள். "கையில் வரும்போது தருகிறேன்" என்பது வராத தேதி.

பணம் இல்லாத இழப்பை ஈடுகட்டுவது கடினம். ஒருவரைப் பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் பொய் பரப்பியிருந்தால், அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டது போதாது. பொய் போன அதே குரூப்பில், "நான் சொன்னது தவறு" என்று எழுத வேண்டும். பொய் எந்த வழியாகப் போனதோ திருத்தமும் அந்த வழியாகப் போக வேண்டும்.

எல்லா உண்மையையும் எல்லாரிடமும் கொட்டுவது ஈடுகட்டல் இல்லை. உங்கள் மனப் பாரத்தை இறக்கி இன்னொருவர் தலையில் வைப்பதாக அது முடியலாம். கணவன் மனைவிக்கு இடையேயான துரோகத்தைச் சொல்வதா, எப்போது, எப்படி என்பதைத் தனியாக முடிவெடுக்காமல், அனுபவமுள்ள குருவிடமோ ஆயரிடமோ பேசிவிட்டுச் செய்யுங்கள்.

குற்ற வழக்கு, கடன், சீட்டுப் பாக்கி, இவை மன்னிப்பால் மறைவதில்லை. தாவீது மன்னிக்கப்பட்ட அதே அதிகாரத்திலேயே அவன் செய்கையின் விளைவுகளும் தொடர்கின்றன. மன்னிக்கப்பட்டவராகவே நீதிமன்றத்தில் நின்று உண்மையைச் சொல்ல முடியும்.

மன்னிக்க வேண்டிய பக்கத்தில் இருப்பவருக்கு

எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, எழுபது தடவை ஏழு என்று இயேசு சொன்னதைத் தொடர்ந்து ஒரு உவமை வருகிறது (மத்தேயு 18). ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன்பட்ட வேலைக்காரன் மன்னிக்கப்படுகிறான். வெளியே போய், தனக்கு 100 தெனாரி தரவேண்டிய சகாவின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரி. அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் ஆண்டு ஆகும். இரண்டாவது கடன் 100 நாள் கூலி. பிரசங்கங்களில் இந்த 100 தெனாரியை அற்பம் என்று தள்ளிவிடுவார்கள். அது சரியில்லை. நாளுக்கு 600 ரூபாய் வாங்கும் தறித் தொழிலாளிக்கு அது 60,000 ரூபாய். உங்களுக்கு நேர்ந்த தீங்கு நிஜம், பெரியது என்று உவமையே ஒத்துக்கொள்கிறது. அதை விட்டுவிடக் காரணம், நமக்கு விடப்பட்டது அதைவிட எவ்வளவோ பெரியது என்பதுதான்.

ஆனால் மன்னிப்பது ஒன்று, மறுபடி நம்புவது வேறொன்று. மன்னிப்பை ஒருவர் தனியாகவே கொடுத்துவிடலாம். உறவு திரும்ப இருவர் வேண்டும், அதிலும் தவறு செய்தவர் மாறியதற்கு அடையாளம் வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற கணவனை மன்னித்தேன் என்பதால் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று எந்த வேதவசனமும் சொல்லவில்லை. பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டும் மன்னிக்கலாம். பெண்களுக்கு உதவி எண் 181. குழந்தைக்குத் தீங்கு நடந்திருந்தால் 1098. அதை மன்னிப்பின் பெயரால் மூடிவைப்பது பாவம், பாலியல் தீங்கு என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குற்றமும் கூட. மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே என்று பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் சொல்கிறவர் எந்த அங்கி போட்டிருந்தாலும் தவறு செய்கிறார்.

ஞானஸ்நானம் பற்றி யோசிப்பவருக்கு

முந்தைய பாவம் அனைத்தும் ஞானஸ்நானத்தில் கழுவப்படுகிறது என்பது பழைய திருச்சபைகளின் நம்பிக்கை. அதனால்தான் புதிதாக வரும் பெரியவர்கள் கத்தோலிக்கத்தில் முதலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதில்லை. பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, வழக்கமாகப் பாஸ்கா இரவில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவில்) ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அவசரப்படுத்தும் யாரிடமும் அவசரப்படாதீர்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் கிறிஸ்தவத்துக்கு மாறினால் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். படிப்பு, வேலை இரண்டையும் தொடுகிற விஷயம் என்பதால், இதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் பேசி முடிவெடுப்பதே நேர்மையானது.

அறிக்கை செய்தும் மனம் ஆறவில்லையே

இது அதிகம் பேர் கேட்பது. மன்னிப்பு ஒரு உணர்ச்சி இல்லை, கடவுள் செய்த ஒரு செயல். உணர்ச்சி பின்னால் வரும், சில சமயம் மாதக்கணக்கில் தாமதித்து வரும். மன்னிக்கப்பட்ட பாவத்தையே மறுபடி மறுபடி அறிக்கை செய்யும் பழக்கம் ஏற்பட்டால் நிறுத்துங்கள். சரியாகச் சொன்னோமா, ஒன்று விட்டுப்போனதா என்று ஓயாமல் குடையும் மனதுக்கு ஒரே குருவிடம் தொடர்ந்து போய், அவர் "போதும்" என்றால் போதும் என்று ஏற்பதே பழைய வைத்தியம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், சாக வேண்டும் என்ற எண்ணம் வருமானால் அது ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டிய நிலை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எந்நேரமும் பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும், தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் ஒரே இரவில் விழுந்தவர்கள். இருவருமே வருந்தினார்கள். யூதாஸ் பணத்தைக்கூடத் திருப்பி எறிந்தான், ஆனால் இயேசுவிடம் திரும்பவில்லை. பேதுரு சீடர்களோடேயே இருந்தான். கரிநெருப்பு ஒன்றின் அருகே மூன்று தடவை மறுத்தவனிடம், இன்னொரு கரிநெருப்பின் அருகே இயேசு மூன்று தடவை, என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார் (யோவான் 21). ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். விளக்கம் கேட்கவில்லை.

மறுபடியும் விழுந்தால்

விழுவீர்கள், குறிப்பாகக் குடி, சூது, ஆபாசப் படம் போன்ற பழகிய பாவங்களில். உடனே எழுந்து வாருங்கள். ஈஸ்டர் வரட்டும், கிறிஸ்துமஸ் வரட்டும் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் பழக்கத்துக்குத்தான் லாபம். எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு இருந்தபோது விழுந்தீர்கள் என்று பாருங்கள். சம்பளம் வாங்கும் சனிக்கிழமை மாலை என்றால், அந்த மாலைக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். பணத்தை மனைவி கணக்குக்கு நேரடியாகப் போடச் சொல்லலாம், வேறு வழியாக வீட்டுக்கு வரலாம், ஒரு நண்பரைக் கூடவே வரச் சொல்லலாம். ஜெபம் மட்டும் செய்துவிட்டு அதே கடை வழியாக நடப்பது கடவுளைச் சோதிப்பது.

பல வருடக் குடி என்றால், திடீரென்று நிறுத்துவதே உடம்புக்கு ஆபத்தாகலாம். கை நடுக்கம், வலிப்பு வரை போகும். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். குடியை விட முயல்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் 12 படிகளில் தன்னை ஆராய்வது, இன்னொருவரிடம் ஒப்புக்கொள்வது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடுகட்டுவது எல்லாம் உண்டு. இந்த வழியில் நடக்கிறவருக்கு அவை அந்நியமாக இருக்காது.

உங்கள் நிலை முழுதும் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். குருவோ ஆயரோ பாஸ்டரோ, நம்பகமான ஒரு மூத்தவரோ. வாரம் ஒரு தடவை, "இந்த வாரம் எப்படி?" என்று கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள், அவர் கேட்கும்போது பொதுவாகப் பதில் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.